காஸ்பேஸ்-3 ஆண்டிபாடி: பிளாட்டில் என்ன தெரிகிறது, பிழை எங்கே இருக்கிறது

காஸ்பேஸ்-3 என்பது உயிரணு சாகும்போது மற்றப் புரதங்களை வெட்டும் நொதி. அதை வெஸ்டர்ன் பிளாட்டில் தேடுகிறோம்: புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி (டிரான்ஸ்ஃபர்), ஆண்டிபாடியால் வேண்டிய புரதத்தை மட்டும் ஒரு கோடாக (பேண்ட்) காட்டும் சோதனை அது. பேண்ட் வரவில்லை என்றதும் பழி முதலில் ஆண்டிபாடி மேல்தான் விழுகிறது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி மாதிரி இடங்களில் இது பெரிய செலவு. ஒரு புட்டிக்கு ஆர்டர் போட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது வந்த பிறகும் அதே வெற்றுப் படம்தான் வரும், ஏனென்றால் பிழை பெரும்பாலும் உயிரணுவிலோ நேரத்திலோ மெம்பிரேனிலோ இருக்கும். அதனால் புதுப் புட்டி கேட்பதற்கு முன் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

முதலில் கையில் இருப்பது எந்த ஆண்டிபாடி?

காஸ்பேஸ்-3 உயிரணுவுக்குள் வேலை செய்யாத முழு நீள வடிவில் இருக்கும். 277 அமினோ அமிலம் கொண்ட இந்த வடிவம் பிளாட்டில் 32 முதல் 35 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) நிற்கும். திட்டமிட்ட உயிரணு மரணம் தொடங்கும்போது காஸ்பேஸ்-8 அல்லது காஸ்பேஸ்-9 இதை 175ஆவது இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு அடுத்து வெட்டுகிறது. அப்போது 19, 17 கிலோடால்டன் அளவில் பெரிய துண்டும் 12 அளவில் சிறிய துண்டும் கிடைக்கும்.

கடையில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று மொத்தக் காஸ்பேஸ்-3ஐப் பிடிப்பது. இது முழு நீளத்தைக் காட்டும். துண்டைக் காட்டுமா இல்லையா என்பது எந்தப் பகுதிக்கு எதிராகச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. மற்றது வெட்டுப்பட்ட முனையை மட்டும் பிடிப்பது. இது 35இல் எதையும் காட்டாது, காட்டவும் கூடாது. இந்த இரண்டாவது வகையை வைத்துக்கொண்டு '35 பேண்ட் வரவில்லை, ஆண்டிபாடி கெட்டுப்போச்சு' என்று எழுதி அனுப்பும் மாணவர்கள் நிறையப் பேர். லேபிளில் 'அஸ்ப் 175' என்று போட்டிருந்தால் அது வெட்டுப்பட்டதை மட்டும் காட்டும் வகை. எந்த விலங்கில் செய்தது, எலி மாதிரிக்கு ஒத்துவருமா, மனித உயிரணுவுக்கா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை முறை

லேனுக்கு (ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் பாதை) 30 மைக்ரோகிராம் புரதம். 15 விழுக்காட்டு ஜெல், அல்லது 4 முதல் 20 வரையிலான கிரேடியன்ட் ஜெல். 0.2 மைக்ரான் பி.வி.டி.எஃப். மெம்பிரேன். டிரான்ஸ்ஃபர் பஃபரில் 20 விழுக்காடு மெத்தனால். தொட்டி பனிக்கட்டியில் இருக்க, 100 வோல்ட்டில் 60 நிமிடம். 5 விழுக்காட்டுப் பால்மாவில் ஒரு மணி நேரம் பிளாக்கிங் (மெம்பிரேனின் வெற்றிடங்களை மூடுதல்). முதல் ஆண்டிபாடி 1:1000, அதாவது 10 மில்லி லிட்டருக்கு 10 மைக்ரோ லிட்டர், 5 விழுக்காட்டு பி.எஸ்.ஏ. கரைசலில் 4 டிகிரியில் ஓர் இரவு. 0.1 விழுக்காடு ட்வீன்-20 கலந்த டி.பி.எஸ்.டி.யில் மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம் கழுவல். முதல் ஆண்டிபாடியைப் பிடிக்கும், எச்.ஆர்.பி. என்ற நொதி ஒட்டிய இரண்டாம் ஆண்டிபாடி 1:2000 முதல் 1:5000, ஒரு மணி நேரம். மறுபடி மூன்று கழுவல். பிறகு எச்.ஆர்.பி. பட்டால் ஒளிரும் இ.சி.எல். கரைசல்.

இதோடு ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோல் லேன், அதாவது பேண்ட் வந்தே ஆக வேண்டிய மாதிரி, கட்டாயம். ஜுர்காட் என்ற மனித இரத்த வெள்ளணு வரிசைக்கு, உயிரணு மரணத்தைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரினை 1 மைக்ரோமோலார் கொடுத்து 3 முதல் 4 மணி நேரம் வைத்தால் போதும். 1 மில்லிமோலார் கரைசல் கையில் இருந்தால் ஒரு மில்லி லிட்டர் ஊடகத்துக்கு 1 மைக்ரோ லிட்டர். ஒரு முறை நிறையச் செய்து, லோடிங் பஃபரில் கொதிக்கவைத்துச் சிறு குழாய்களில் பிரித்து -80இல் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஜெல்லுக்கும் ஒரு குழாய் எடுக்கலாம். இந்த லேன் இல்லாத வெற்று பிளாட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. கீழே எல்லா இடத்திலும் முதல் கேள்வி இதுதான்: பாசிட்டிவ் லேனில் என்ன தெரிந்தது?

அறிகுறி: எந்த லேனிலும் ஒன்றும் இல்லை, பாசிட்டிவ் லேன் உட்பட

டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் மெம்பிரேனை பொன்சோ எஸ் சாயத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள்: 0.1 விழுக்காடு சாயம், 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம். லேன் லேனாக இளஞ்சிவப்புக் கோடுகள் வந்தால் புரதம் ஏறியிருக்கிறது. வெறும் வெள்ளையாக இருந்தால் ஆண்டிபாடிக்கு இன்னும் வேலையே வரவில்லை. ஜெல்லும் மெம்பிரேனும் எந்தப் பக்கம் வைக்கப்பட்டன என்று பாருங்கள். ஜெல் கறுப்பு மின்முனைப் பக்கம், மெம்பிரேன் சிவப்புப் பக்கம். பி.வி.டி.எஃப். மெம்பிரேனை முதலில் மெத்தனாலில் நனைக்காமல் பஃபரில் போட்டிருந்தாலும் இதே கதிதான். சரியாக நனைந்த மெம்பிரேன் கண்ணாடி போலச் சாம்பல் நிறத்தில் தெரியும். ஓர் ஓரம் வெள்ளையாக இருந்தால் அங்கே காய்ந்துவிட்டது, மறுபடி மெத்தனாலில் தொடங்குங்கள்.

புரதம் இருக்கிறது, ஆனால் ஒளி இல்லை என்றால் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கலந்த இ.சி.எல்.லில் 100 மைக்ரோ லிட்டரைச் சிறு குழாயில் எடுத்து, நீர்த்த இரண்டாம் ஆண்டிபாடியிலிருந்து 1 மைக்ரோ லிட்டர் விட்டு இருட்டில் பாருங்கள். நீல ஒளி வந்தால் இ.சி.எல்.லும் எச்.ஆர்.பி.யும் நன்றாக இருக்கின்றன. வராவிட்டால் சோடியம் அசைடை நினையுங்கள். முதல் ஆண்டிபாடி கரைசல் கெடாமலிருக்க 0.02 விழுக்காடு அசைடு போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அதே பாட்டிலில் இரண்டாம் ஆண்டிபாடியைக் கரைத்தால் எச்.ஆர்.பி. செத்துவிடும். பஃபர் பாட்டிலில் 'அசைடு உண்டு' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டுங்கள்.

ஒளியும் வருகிறதென்றால் முயலில் செய்த முதல் ஆண்டிபாடிக்கு எலிக்கு எதிரான இரண்டாம் ஆண்டிபாடி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அவசரத்தில் அடிக்கடி நடப்பது.

அறிகுறி: 35 நன்றாக இருக்கிறது, பாசிட்டிவ் லேனிலும் 17 இல்லை

இது சிறிய புரதத்துக்கே உரிய தொல்லை. இரண்டு வழியில் அது தொலைகிறது.

ஒன்று, ஜெல்லிலிருந்தே ஓடிவிட்டது. 10 விழுக்காட்டு ஜெல்லில் நீலச் சாயக் கோட்டை அடிவரை விட்டால் 17ம் சாயத்தோடு போய்விடும். லேடரில் (அளவு காட்டும் புரதக் கலவை) 10, 15 கோடுகள் ஜெல்லுக்குள் இருக்கும்போதே நிறுத்துங்கள். 

மற்றது, மெம்பிரேனைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. 0.45 மைக்ரான் துளைக்குள் இந்த அளவுப் புரதம் எளிதில் நழுவும். சந்தேகம் இருந்தால் மெம்பிரேனுக்குப் பின்னால் இன்னொரு மெம்பிரேனை வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். பின்னால் இருப்பதில் 17 தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது: 0.2க்கு மாறுங்கள், நேரத்தை 45 நிமிடமாகக் குறைத்துப் பாருங்கள், மெத்தனாலைக் குறைக்காதீர்கள். பெரிய புரதத்துக்குப் பழகியவர்கள் ஓர் இரவு முழுக்க டிரான்ஸ்ஃபர் செய்வார்கள். காஸ்பேஸ்-3 துண்டுக்கு அது ஆகாது.

குளிர் அறை இல்லாத கூடங்களில் தொட்டி சூடாகி, கரன்ட் ஏறி, ஜெல் உப்பி பேண்ட் கலங்கிவிடும். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் உறையவைத்துத் தொட்டிக்குள் இறக்குங்கள். வெளியே பொலிஸ்டைரின் பெட்டியில் கடை ஐஸ் போடுங்கள். அரை மணியில் உள்ளே இருக்கும் பாட்டிலை மாற்ற வேண்டியிருக்கும். ஐஸ் உருகிய தண்ணீர் தொட்டிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மொத்தக் காஸ்பேஸ்-3க்கு ஓட்டிய மெம்பிரேனை ஸ்ட்ரிப் செய்து (ஒட்டிய ஆண்டிபாடியைக் கழற்றி), அதிலேயே வெட்டுப்பட்டதைத் தேடுவது வேண்டாம். ஸ்ட்ரிப்பிங் சிறிய புரதத்தைத்தான் முதலில் கழற்றும். வெட்டுப்பட்டதை முதலில் ஓட்டுங்கள், அல்லது இரண்டு ஜெல் போடுங்கள்.

அறிகுறி: பாசிட்டிவ் லேன் பளிச்சென்று இருக்கிறது, என் மாதிரியில் மட்டும் இல்லை

இங்கே ஆண்டிபாடிக்கு விடுதலை. பிழை உயிரணு வளர்த்த தட்டுக்குள் இருக்கிறது.

முதலில் எம்.சி.எஃப்-7. நிலவேம்பு, வல்லாரை, மஞ்சள் என்று எந்தச் சாற்றைச் சோதிப்பதாக இருந்தாலும் மார்பகப் புற்றுநோய்க்கு முதலில் எடுப்பது இந்த உயிரணுவைத்தான். ஆனால் இதில் காஸ்பேஸ்-3 மரபணுவின் மூன்றாம் எக்ஸானில் 47 கார இணைகள் விடுபட்டிருப்பதால் அந்த நொதியே உருவாவதில்லை. 1998இலேயே இது வெளியாகிவிட்டது. எத்தனை புட்டி மாற்றினாலும் பேண்ட் வராது. உயிரணு சாகாமல் இல்லை. காஸ்பேஸ்-7 வழியாகச் சாகிறது. அதற்கு வெட்டுப்பட்ட காஸ்பேஸ்-7ஐயும், காஸ்பேஸ் வெட்டியதும் 116இலிருந்து 89 கிலோடால்டனாகக் குறையும் பார்ப் (PARP) புரதத்தையும் பாருங்கள். காஸ்பேஸ்-3தான் வேண்டுமென்றால் வேறு உயிரணு வரிசைக்குப் போங்கள். ஆராய்ச்சித் திட்டம் எழுதும் நாளிலேயே இதைக் கவனித்தால் ஒரு மாணவரின் ஆறு மாதம் மிஞ்சும்.

அடுத்தது, மிதந்த உயிரணுவைக் கொட்டிவிடுவது. ஒட்டி வளரும் உயிரணு சாகத் தொடங்கினால் தட்டைவிட்டுக் கழன்று ஊடகத்தில் மிதக்கும். பழக்கதோஷத்தில் ஊடகத்தை உறிஞ்சிக் கழிவில் ஊற்றிவிட்டு, ஒட்டியிருப்பதை மட்டும் சுரண்டி எடுப்பவர்கள் உயிரோடு இருப்பதை மட்டுமே அளக்கிறார்கள். எடுக்கும் முறை இது: ஊடகத்தை 15 மில்லி லிட்டர் குழாயில் ஊற்றுங்கள். தட்டைக் குளிர்ந்த பி.பி.எஸ்.ஸில் ஒரு முறை அலசி, அந்த அலசலையும் அதே குழாயில் சேருங்கள். பிறகு தட்டில் உள்ளதைச் சுரண்டி அதையும் சேருங்கள். 4 டிகிரியில் 500 ஜி, 5 நிமிடம். சிதறிய துண்டுகள் இலேசானவை. 200 ஜி வேகத்தில் பாதி மேலேயே நின்றுவிடும். அடியில் படிந்ததைப் பி.பி.எஸ்.ஸில் இன்னொரு முறை கழுவி, பத்து இலட்சம் உயிரணுவுக்கு 100 மைக்ரோ லிட்டர், உயிரணுவை உடைக்கும் லைசிஸ் பஃபர் விடுங்கள்.

மூன்றாவது நேரம். 24, 48, 72 என்று மூன்று புள்ளி வைப்பது, உயிரோடு இருக்கும் உயிரணுவை அளக்கும் எம்.டி.டி. சோதனையிலிருந்து ஒட்டிக்கொண்ட வழக்கம். காஸ்பேஸ்-3 வெட்டு அதற்குள் வந்து போயிருக்கலாம். 48 மணியில் தட்டில் இருப்பது பெரும்பாலும் சவ்வு கிழிந்து உள்ளிருப்பதெல்லாம் வெளியேறிய கூடு. 2, 4, 8, 16, 24 என்று ஒரு முறை வைத்துப் பாருங்கள். திட்டமிட்ட உயிரணு மரணத்தைக் குறிக்கும் 'அப்போப்டோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு இலை உதிர்வது என்று பொருள்; கெர், வைலி, கர்ரி மூவரும் 1972இல் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டு தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டத்தில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்: எல்லா மரமும் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை, ஒரே மரத்திலும் எல்லா இலையும் ஒன்றாக விழுவதில்லை. தட்டிலும் அப்படித்தான். எந்த ஒரு நொடியிலும் சாவின் நடுவில் இருப்பவை சிலவே. அதனால் 10 மைக்ரோகிராம் புரதத்தில் தெரியாதது 40இல் தெரியலாம்.

புரத அளவையும் சரிபாருங்கள். லைசிஸ் பஃபரில் டி.டி.டி. என்ற ஒடுக்கி இருந்தால், புரதத்தை அளக்கும் பி.சி.ஏ. சோதனை பொய் சொல்லும். சரியாகக் கழுவாத கருஞ்சாற்றின் பாலிஃபீனாலும் அப்படியே, தாமிரத்தை அதுவே ஒடுக்கி ஊதா நிறத்தைக் கூட்டும். 30 என்று நினைத்து ஏற்றியது உண்மையில் 12ஆக இருக்கும். பொன்சோவில் லேன்கள் ஒரே அடர்த்தியில் இருக்கின்றனவா என்பதே இதற்கு எளிய சாட்சி.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை, பார்ப்பும் வெட்டுப்படவில்லை என்றால், உங்கள் சாறு உயிரணுவை வேறு வழியில் கொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு முடிவுதான், அப்படியே எழுதுங்கள்.

அறிகுறி: மருந்து கொடுக்காத லேனிலும் 17 தெரிகிறது

மிக இலேசான பேண்ட் இயல்பு. எந்தத் தட்டிலும் சில உயிரணுக்கள் செத்துக்கொண்டேதான் இருக்கும். மருந்து லேனுக்குச் சமமாக இருந்தால்தான் கவலை.

கரைப்பானைப் பாருங்கள். டி.எம்.எஸ்.ஓ. 0.1 விழுக்காட்டில் நிற்க வேண்டும், 0.5ஐத் தாண்டினால் அதுவே கொல்லத் தொடங்கலாம். தட்டு நிரம்பி ஊடகம் மஞ்சளாகிவிட்டதா, டிரிப்சினில் அதிக நேரம் விட்டீர்களா என்பதும் கேள்வி.

நம் பக்கத்தில் இன்னொரு காரணம் உண்டு. மாலை இடி மழையில் இ.எல்.சி.பி. (மின்கசிவு சுவிட்ச்) விழுந்து, காவலாளி வந்து தூக்கிவிடும் வரை இன்குபேட்டர் அணைந்து கிடக்கும். காலையில் திரையில் 37 டிகிரி, 5 விழுக்காடு கரியமில வாயு என்று எல்லாம் ஒழுங்காகக் காட்டும். இரவில் உயிரணு பட்ட பாடு அதில் தெரியாது. பேட்டரி இல்லாத மின் கடிகாரம் ஒன்றை அதே பிளக் வரிசையில் செருகி வையுங்கள். காலையில் அது 12:00 என்று மினுக்கினால் அல்லது மணி பிந்தியிருந்தால் அன்றைய தட்டைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

லைசேட்டும் (உடைத்த உயிரணுவின் சாறு) கவனம் கேட்கும். வழக்கமான புரோட்டியேஸ் தடுப்புக் கலவைகள் காஸ்பேஸை நிறுத்துவதற்கென்று செய்தவை அல்ல. லைசேட்டை மேசைமேல் விட்டுச் சாப்பிடப் போனால் குழாய்க்குள் வெட்டு தொடரலாம். பனிக்கட்டியில் 15 முதல் 20 நிமிடம், 4 டிகிரியில் 14,000 ஜி 10 நிமிடம், புரத அளவுக்கு 10 மைக்ரோ லிட்டரை ஒதுக்கிவிட்டு மீதியை உடனே லோடிங் பஃபரில் 95 டிகிரி, 5 நிமிடம். கொதித்த பிறகு எந்த நொதியும் வேலை செய்யாது.

பேண்ட் உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய, எல்லாக் காஸ்பேஸையும் நிறுத்தும் பான்-காஸ்பேஸ் தடுப்பான் இசட்-வேட்-எஃப்.எம்.கே. 20 மைக்ரோமோலாரை மருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுத்த லேன் ஒன்று வையுங்கள். அதில் 17 தெளிவாகக் குறைய வேண்டும்.

அறிகுறி: தேவையில்லாத பேண்ட், புள்ளி, கறுப்புப் பின்னணி

19, 17 என்று இரட்டையாக வந்தால் அது பிழையில்லை. முன்பகுதி கழன்றதும் கழலாததுமான துண்டுகள் அவை. எலித் திசுவில் எலி ஆண்டிபாடியை ஓட்டினால் 50, 25இல் தடித்த பேண்ட் வரும். அது திசு இரத்தத்திலிருந்த ஆண்டிபாடியின் கனச்சங்கிலியும் இலேசுச் சங்கிலியும். முயல் ஆண்டிபாடிக்கு மாறினால் தீரும்.

மிளகுப்பொடி தூவியது போன்ற கறும்புள்ளி பால்மாவால் வருவது. ஈரப்பதத்தில் திறந்த பால்மாவு கட்டி பிடிக்கும், கட்டி கரையாது. கலக்கியபின் வடிதாளில் வடித்து அன்றே பயன்படுத்துங்கள். கொழுப்பு நீக்கிய மாவுதான் வேண்டும். தேநீருக்குப் போடும் முழுக்கொழுப்பு மாவு ஆகாது. இரண்டாம் ஆண்டிபாடியை 10,000 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுற்றி மேலிருந்து எடுத்தாலும் புள்ளி குறையும்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பேண்ட் தெரிந்தால் எச்.ஆர்.பி. அளவுக்கு மீறிப்போய் அங்கே இ.சி.எல்.லைத் தின்று தீர்த்துவிட்டது. இரண்டாம் ஆண்டிபாடியை 1:10,000 ஆக்குங்கள்.

அறிகுறி: முன்பு வந்தது, இப்போது மங்குகிறது

புட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். 50 விழுக்காடு கிளிசரால் உள்ள ஆண்டிபாடி -20இல் உறையாது. சர்க்கரைப்பாகு போல மெதுவாக நகரும். கல்லாக இறுகியிருந்தால் யாரோ -80இல் வைத்திருக்கிறார்கள், அல்லது அதில் கிளிசரால் இல்லை. கிளிசரால் உள்ளதைப் பிரிக்கத் தேவையில்லை, இல்லாததைப் பத்துப் பத்து மைக்ரோ லிட்டராகப் பிரித்து வையுங்கள். தானாகப் பனி கரைக்கும் ஃப்ரீசர் இதற்கு ஆகாது, அது அடிக்கடி சூடேறி இறங்கும். எடுத்ததும் சில நொடி சுற்றி இறக்குங்கள். மூடியில் ஒட்டிய துளியே பல நூறு ரிங்கிட்.

கரன்ட் போனதை அறிய ஒரு கிண்ணம் தண்ணீரை உறையவைத்து மேலே ஐம்பது சென் காசை வையுங்கள். காசு அடியில் கிடந்தால் உள்ளே இருந்ததெல்லாம் ஒரு முறை உருகியது என்று பொருள். அப்போதும் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொதிக்கவைக்காத லைசேட்டை, ஆண்டிபாடியை அல்ல.

கூரியர் நாளும் முக்கியம். கோலாலம்பூரில் சனி, ஞாயிறு விடுமுறை. கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி. புதன்கிழமை அனுப்பி ஒரு நாள் தாமதமானால் பெட்டி ஞாயிறுவரை கிடங்கில் கிடக்கும். திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். ஜெல் பை உருகி வந்தாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; ஆண்டிபாடி ஓரிரு நாள் வெளிவெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கும். பாசிட்டிவ் லேனில் ஓட்டிப் பார்த்துப் படத்தோடு விற்பனையாளருக்கு எழுதுங்கள்.

எல்லா லேனிலும் சம அளவு புரதம் ஏறியதா என்று காட்டும் லோடிங் கன்ட்ரோல் பற்றி ஒரு வரி: ஜி.ஏ.பி.டி.எச். 37இல் வரும், முழு நீளக் காஸ்பேஸ்-3 பக்கத்திலேயே. ஒரே மெம்பிரேனில் இரண்டும் மோதும். டியூபுலின் அல்லது பொன்சோ படம் போதும்.

அறிகுறி: திசு ஸ்லைடில் எல்லாமே பழுப்பு

ஸ்லைடில் ஆண்டிபாடி ஒட்டிய இடம் மட்டுமே பழுப்பாகத் தெரிய வேண்டும். திசுவை 10 விழுக்காட்டு நடுநிலை ஃபார்மலினில் 24 மணி நேரம் வையுங்கள். வாரக்கணக்கில் ஊறியது சரிப்படாது. பி.எச். 6.0 சிட்ரேட் பஃபரில் ஆண்டிஜன் மீட்பு (ஃபார்மலின் மறைத்ததை ஆண்டிபாடிக்குத் திறந்துவிடுதல்), பிறகு 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம். கல்லீரலில் இந்தப் படி தவறினால் முழு ஸ்லைடும் பழுப்பாகும். திசு நடுவில் செத்து அழுகிய பகுதி எந்த ஆண்டிபாடியையும் உறிஞ்சும், அதை எண்ணாதீர்கள். சுருங்கி, உட்கரு நொறுங்கி, தனியாக நிற்கும் உயிரணு பழுப்பானால் மட்டும் எண்ணுங்கள். முதல் ஆண்டிபாடி போடாத ஸ்லைடு ஒன்று ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கட்டும். அதுவும் பழுப்பாக வந்தால் அன்றைய எண்ணிக்கை எதையும் ஏட்டில் ஏற்றாதீர்கள்.